சைப்ரஸ் பாதிரியார் கேட்ட காகிதம்

சைப்ரஸ் தீவில் ஆர்த்தடாக்ஸ் மாதாகோவிலில் கல்யாணம் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் பாதிரியாரிடம் கொடுக்கவேண்டிய காகிதங்களில் ஒன்று அவர்களுடைய ரத்தத்தைப் பற்றியது. 1983-லிருந்து இந்த ஏற்பாடு. அந்தக் காகிதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பரிசோதனையின் முடிவு அதில் இருக்காது. இன்னார் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டார், வேண்டிய ஆலோசனையைக் கேட்டுக்கொண்டார் என்பதோடு சரி. ரத்தத்தில் என்ன தெரிந்தது என்பது பாதிரியாருக்குத் தெரியாது, சம்பந்தி வீட்டாருக்கும் தெரியவேண்டியதில்லை. தெரியவேண்டிய இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அந்த இரண்டு பேர் அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வார்கள் என்பது பற்றித் திருச்சபைக்கு ஒரு கணக்கு இருந்தது. நடந்தது வேறு.

சோதனை தலசீமியாவுக்கானது. சிவப்பணுக்களுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை உடல் சரியாகச் செய்ய முடியாத நோய். குழந்தை பிறக்கும்போது கொழுகொழுவென்றுதான் இருக்கும், ஏனென்றால் கருவில் இருக்கும்போது உண்டான வேறுவகை ஹீமோகுளோபின் சில மாதங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். ஆறு மாதம் கழிந்த பிறகு வெளுக்கத் தொடங்கும். மண்ணீரல் பெருத்து வயிறு முன்தள்ளும். எலும்பு மஜ்ஜை தன் சக்திக்கு மீறி உழைப்பதால் முக எலும்புகள் புடைக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றாவிட்டால் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். ஏற்றினாலும் இன்னொரு ஆபத்து: ஏறுகிற ரத்தத்தோடு இரும்புச்சத்தும் ஏறும். அதை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. அப்படியே விட்டால் அது இதயத்திலும் ஈரலிலும் படிந்து, பதின்வயதைத் தாண்டுவதற்குள் இதயம் நின்றுபோகும்.

1925-ல் டெட்ராய்ட்டின் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி, குடியேறிகளின் பிள்ளைகளிடம் இதைப் பார்த்து எழுதினார். 1932-ல் விப்பிள், பிராட்ஃபோர்டு என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் கிரேக்க மொழியில் கடலைக் குறிக்கும் 'தலஸா' என்ற சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பூர்வீகம் மத்தியதரைக் கடலோரம் என்பதால் வந்த பெயர்.

பிள்ளைக்கு நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வரவேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் சிறிய சிவப்பணுக்கள், சற்றே சோகை, அவ்வளவுதான். ஓடலாம், உழலாம், எண்பது வயது வரை இருக்கலாம். ஆங்கிலத்தில் இவரைக் 'கேரியர்' என்பார்கள். நமக்குக் கேரியர் என்றால் சாப்பாட்டு அடுக்கு, இல்லாவிட்டால் சைக்கிளின் பின்பக்கம். ஆகவே சுமப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். சுமப்பது அவருக்கே தெரியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். இரண்டு சுமப்பவர்கள் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு, இரண்டு பங்கு இன்னொரு சுமப்பவருக்கு, மிச்சம் ஒரு பங்கு எதுவுமே இல்லாத பிள்ளைக்கு.

சைப்ரஸில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் சுமப்பவர். கணக்குப் போட்டால் ஐம்பது கல்யாணத்தில் ஒன்று ஆபத்தான கல்யாணம், இருநூறு பிரசவத்தில் ஒன்று நோயுள்ள பிரசவம். ஒரு சின்னத் தீவில் ஆண்டுக்கு ஐம்பது குழந்தைகள்.

இவ்வளவு பேர் எப்படி வந்தார்கள்? மலேரியாதான் காரணம். 1949-ல் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஒரு ஊகத்தை வெளியிட்டார். பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்றுப் புவனேஸ்வரத்தில் கண்மூடிய அதே ஹால்டேன்தான். இத்தகைய பழுதை ஒற்றையாகச் சுமப்பவரை மலேரியா அவ்வளவாக வீழ்த்துவதில்லை. ஆகவே கொசு மிகுந்த இடங்களில் தலைமுறை தலைமுறையாக அவர்கள் தப்பிப் பெருகியிருப்பார்கள் என்றார். இதற்கு உறவான, ஹீமோகுளோபினிலேயே வரும் இன்னொரு பழுதான அரிவாள் செல் இந்தியாவில் முதலில் 1952-ல் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அங்கும் அடிவாரக் காடுகளில் மலேரியா குடியிருந்த கதை பழையது.

சைப்ரஸில் மலேரியாவை ஒழித்தவர் மெஹ்மெத் அஸீஸ் என்ற துருக்கிய சைப்ரஸ்காரர், தலைமைச் சுகாதார ஆய்வாளர். செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றைப் பிளந்து மலேரியாவின் வழியைக் கண்டுபிடித்தாரே ரொனால்ட் ராஸ், அவரிடம் பாடம் கேட்டவர். 1946-ல் தொடங்கித் தீவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, குளம், குட்டை, குளம்படிப் பள்ளம் ஒன்றுவிடாமல் டி.டி.டி. தெளிக்கவைத்தார். 1950 வாக்கில் தீவில் மலேரியா இல்லை.

மலேரியா போன பிறகுதான் மற்றது முழுசாகக் கண்ணில் பட்டது. மண்ணீரல் பெருத்த குழந்தையை அதுவரை மலேரியாக் கணக்கில் எழுதிவிடுவார்கள். இது வேறு நோய் என்று 1940-களிலேயே சொன்னவர் அங்கே பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் ஆலன் ஃபாட்ரி. மலேரியா போய்விட்டது, மலேரியாவுக்காக உடல் வைத்துக்கொண்ட மரபணு மட்டும் வேலையில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது.

ஆரம்பத்தில் அந்தக் குழந்தைகள் சீக்கிரமே இறந்துபோனார்கள். கொடுமையான உண்மை என்னவென்றால், அரசாங்கத்துக்கு அதனால் செலவில்லை. மருத்துவம் முன்னேறியபோதுதான் தலைவலி தொடங்கியது. ரத்தம் ஏற்றி ஏற்றிப் பிள்ளைகளைப் பிழைக்கவைத்தார்கள். இரும்பை வெளியேற்ற டெஸ்ஃபெரால் என்ற மருந்து வந்தது. 1970-களின் பிற்பாதியில் அதைத் தோலுக்கடியில் சொட்டுச் சொட்டாக இறக்கும் சின்னப் பம்பு வந்தது. வாரத்தில் ஐந்தாறு இரவு, இரவு முழுக்க, வயிற்றில் ஊசி குத்திக்கொண்டு பிள்ளை தூங்கவேண்டும். ஊசி குத்துவது அம்மாவின் வேலை.

1971-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஜார்ஜ் ஸ்டமட்டோயன்னோபுலோஸ் என்ற கிரேக்க மரபியலாளர் தீவுக்கு வந்து கணக்குப் பார்த்தார். இப்படியே போனால் நாற்பது ஆண்டில் ஆண்டுக்கு 78,000 பாட்டில் ரத்தம் வேண்டும், ஜனத்தொகையில் நூற்றுக்கு நாற்பது பேர் ரத்தம் கொடுக்கவேண்டும், செலவு சுகாதாரத் துறையின் மொத்த நிதியையும் விழுங்கும் என்றது அவர் அறிக்கை. பிறப்பது குறைந்தால்தான் பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியும் என்பது பொருள். இதை மேலிருந்து கீழே திணித்த திட்டம் என்று நினைத்தால் தவறு. நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர்களே சங்கம் வைத்து, ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடங்களில் பேசி, சோதனை செய்துகொள்ளுங்கள் என்று கெஞ்சினார்கள். தங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் ரத்தம் இன்னும் பத்துப் பிள்ளைக்குப் பங்கு போகக்கூடாது என்ற அச்சமும் அதில் இருந்தது. அதைச் சுயநலம் என்று சொல்ல மனம் வராது.

முதலில் கையாண்ட உபாயம் எளிமையானது. சுமப்பவரைக் கண்டுபிடி, சுமப்பவரும் சுமப்பவரும் மணக்காதபடி அறிவுரை சொல். காகிதத்தில் இதைவிடத் தெளிவான திட்டம் கிடையாது.

இந்த வழி சரிப்படாது என்பதற்கான சான்றும் அதே ஸ்டமட்டோயன்னோபுலோஸ் கையிலேயே கிடைத்தது. கிரேக்கத்தில் ஓர்கோமெனோஸ் என்ற ஊரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் அரிவாள் செல்லைச் சுமக்கிறார். 1960-களின் நடுவில் அங்கே ஊரையே சோதித்து, முடிவை அவரவரிடம் சொல்லி, விளக்கமும் கொடுத்தார்கள். ஏழெட்டு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், சுமப்பவர்கள் தங்களுக்குள் மணப்பது குறையவே இல்லை. குருட்டுவாக்கில் எவ்வளவு நடக்குமோ அவ்வளவு நடந்திருந்தது. புதிதாக வந்தது ஒன்றே ஒன்று: அவமானம். பெண் பார்க்கும் இடத்தில் விஷயத்தை மறைத்தார்கள், சுமப்பவர் என்று தெரிந்தால் வரன் தட்டிப்போயிற்று. சுமப்பவர் சுமப்பவரை மட்டும் தவிர்த்தால் போதும் என்ற நுணுக்கம் ஊர் வாயில் நிற்கவில்லை. எல்லோரும் சுமப்பவரைத் தவிர்த்தார்கள். இதே காலத்தில் அமெரிக்காவில் அரிவாள் செல் சோதனையைப் பல மாநிலங்கள் சட்டத்தால் கட்டாயமாக்கி, நோயே இல்லாத கறுப்பின இளைஞர்களுக்கு வேலையிலும் காப்பீட்டிலும் இடைஞ்சல் உண்டாக்கியது தனிக் கதை. அங்கே விமானப்படைப் பயிற்சிக் கல்லூரி சுமப்பவர்களைச் சேர்த்துக்கொள்ள 1981 ஆயிற்று.

சைப்ரஸிலும் அறிவுரை எடுபடவில்லை. திசை மாறியது லண்டனில்.

கருவில் இருக்கும் சிசுவின் ரத்தத்தை ஒரு துளி எடுத்துச் சோதித்தால் நோய் உண்டா இல்லையா என்று சொல்லலாம் என்பது 1970-களின் நடுவில் சாத்தியமானது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் பெர்னதெத் மோடெல் என்ற மருத்துவர் தலசீமியாக் குடும்பங்களைப் பார்த்துவந்தார். வடக்கு லண்டனில் குடியேறிய சைப்ரஸ்காரர்கள் அவர்களில் கணிசம். தீவிலிருந்தும் கர்ப்பிணிகள் விமானம் ஏறி வந்தார்கள். சோதனை நடப்பது நான்கரை ஐந்து மாதத்தில், சிசு அசைவது தெரிகிற பருவத்தில். சோதனையாலேயே கரு கலைந்துபோகும் ஆபத்தும் உண்டு. அப்படியிருந்தும் வந்தார்கள்.

மோடெலும் அவருடைய குழுவினரும் 1980-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்த வரலாற்றின் முதுகெலும்பு என்று சொல்லலாம். கருவில் சோதிக்கும் வழி வருவதற்கு முன்னும் பின்னும் இந்தக் குடும்பங்கள் என்ன செய்தன என்று பார்த்தார்கள். முன்பு, ஆபத்து இருப்பது தெரிந்த தம்பதிகள் பிள்ளை பெறுவதையே ஏறக்குறைய நிறுத்தியிருந்தார்கள். தப்பித்தவறிக் கருத்தரித்தால் பத்தில் ஏழு கருக்கள் கலைக்கப்பட்டன. நான்கில் மூன்று கருக்கள் நல்ல கருக்களாக இருந்திருக்கும், ஆனால் எந்த மூன்று என்று சொல்ல ஆள் இல்லை. சோதனை வந்தபின் அந்தத் தம்பதிகள் மறுபடி பிள்ளை பெறத் தொடங்கினார்கள். ஆபத்துக்காகக் கலைக்கப்பட்டது பத்தில் மூன்றுக்கும் கீழே இறங்கியது.

இதை இரண்டு முறை படிக்கவேண்டும். கருக்கலைப்புக்கு வழிவகுக்கும் என்று பலர் பயந்த சோதனை, இந்தக் குடும்பங்களில் கருக்கலைப்பைக் குறைத்தது. குழந்தை இல்லாமல் அல்லது ஒரே நோயாளிக் குழந்தையோடு நின்றுபோன வீடுகளில் தம்பியும் தங்கையும் பிறந்தார்கள். சுமப்பவர்களைக் கண்டறிவது என்றாலே பிள்ளைப்பேற்றைத் தடுப்பது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உள்ளே இருந்தவர்களுக்கு அது பிள்ளை பெற்றுக்கொள்ளத் துணிச்சல் கொடுத்தது.

1978-ல் தீவின் தலைநகர் நிக்கோசியாவில் தலசீமியா மையம் எழுந்தது. மைக்கேல் அங்காஸ்தினியோதிஸ் என்ற குழந்தை மருத்துவர் அதை வளர்த்தார். 1980-களின் தொடக்கத்திலேயே கருச்சோதனை தீவில் நடக்கலாயிற்று. விமானச் செலவு மிச்சம். நஞ்சுக்கொடித் திசுவைக் கிள்ளி மூன்றாம் மாதத்துக்குள் மரபணுவைப் பார்க்கும் முறை வந்ததும், வயிறு தெரிவதற்கு முன்பே, அக்கம்பக்கம் அறியாமல் காரியம் முடிந்தது.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வரலாம். கருக்கலைப்பு பாவம் என்பது ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நிலை. ஆனால் ஆண்டுதோறும் ஞானஸ்நானம் கொடுத்த கைகளாலேயே அந்தக் குழந்தைகளை அடக்கமும் செய்துகொண்டிருந்தவர்கள் பாதிரியார்கள். கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துவிட்டால் ஆபத்தான இணைகள் பிரிந்து வேறு துணை தேடிக்கொள்ளும், கலைப்புக்கு அவசியமே வராது என்று சபை எண்ணியது. மருத்துவர்களுக்கும் இது வசதி, ஏனென்றால் சைப்ரஸில் சபையைக் கடந்து கல்யாணம் செய்பவர் அப்போது அபூர்வம். சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. முடிவை எழுதக்கூடாது என்ற விதி ஓர்கோமெனோஸ் கற்றுக்கொடுத்த பாடம் மாதிரி இருக்கிறது. எல்லாரும் சோதிக்கிறார்கள், யாருடைய முடிவும் வெளியே தெரியாது, ஆகவே யாருக்கும் தனியாக அவமானம் இல்லை.

இணைகள் பிரியவில்லை. நூறு ஆபத்தான இணைகளில் இரண்டு மூன்று பிரிந்திருந்தால் அதிகம். காரணம் யூகிக்கக் கடினமில்லை. காகிதம் கேட்கப்படுவது கல்யாணம் நிச்சயமான பிறகு. சைப்ரஸ் வழக்கப்படி பெண் வீட்டார் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். நிச்சயம் என்பதே பாதிக் கல்யாணம். காதல், வாக்கு, எழும்பிய சுவர் எல்லாவற்றையும் ரத்தத்தில் தெரிந்த ஓர் எண்ணுக்காக யார் உடைப்பார்? மணந்தார்கள், கருச்சோதனைக்குப் போனார்கள், நோயிருந்தால் பெரும்பாலோர் கலைத்தார்கள், மறுபடி முயன்றார்கள். சபை சான்றிதழ் கேட்டதோடு நின்றுகொண்டது. அதற்கு மேல் என்ன நடந்தது என்று எந்தப் பாதிரியாரும் துருவிக் கேட்கவில்லை. இந்த மௌனத்தைக் கபடம் என்பவர் உண்டு. ஒரு பழைய நிறுவனம் தன் கொள்கையையும் விடாமல் தன் ஜனங்களையும் விடாமல் கண்டுபிடித்த இடைவெளி என்றும் அதைப் பார்க்கலாம்.

1974-ல் தீவு இரண்டாக வெட்டுப்பட்டது. வடக்கே துருக்கிய சைப்ரஸ்காரர்களுக்கு மாதாகோவில் இல்லை. அவர்கள் 1980 வாக்கில் சட்டம் போட்டே திருமணத்துக்கு முந்திய சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். வேலிக்கு இருபுறமும் பெரும்பாலோர் சுமப்பது ஒரே பிழை. மரபணுவில் குறிப்பிட்ட ஓர் எழுத்து மாறிப்போன அதே பிழை. ஐ.நா. படை காவல் நிற்கும் கோட்டைத் தாண்டி இரண்டு ஜனங்களுக்கும் இது மட்டும் பொதுவாக இருந்தது.

1970-களின் நடுவில் ஆண்டுக்கு ஐம்பது அளவில் பிறந்த நோயுள்ள குழந்தைகள், 1980-களின் முடிவுக்குள் விரல்விட்டு எண்ணும்படி ஆனார்கள். பிறகு ஒன்றும் பிறக்காத ஆண்டுகள் வந்தன. சான்றிதழும் சபையும் இல்லாமல் இதைச் சாதித்த இடமும் உண்டு. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் காலியாரி நகரத்து அந்தோனியோ காவோ 1970-களின் பிற்பாதியில் முழுக்க விருப்பத்தின்பேரில் நடத்திய திட்டத்தில், 250 பிரசவத்துக்கு ஒன்று என்றிருந்தது சுமார் 4,000-க்கு ஒன்று ஆனது. கட்டாயம்தான் காரணம் என்று சைப்ரஸைக் காட்டிப் பேசுபவர்கள் சார்டீனியாவை மறந்துவிடுகிறார்கள்.

கலைப்புக்கு இடமே இல்லாதபோது கணக்கு எப்படி மாறும் என்பதற்கு நியூயார்க் ஒரு உதாரணம். டே-சாக்ஸ் என்ற கொடிய நரம்பு நோயில் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த யோசெஃப் எக்ஸ்டைன் என்ற யூத மதகுரு, 1983-ல் 'டோர் யெஷோரிம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பள்ளிப் பருவத்திலேயே ரத்தம் எடுத்து, ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். முடிவை யாரிடமும் சொல்வதில்லை. வரன் பேசும்போது இரண்டு எண்களையும் சொல்லிக் கேட்டால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்று பதில் வரும். ஜாதகக் கட்டோடு தரகர் வீட்டுப் படியேறிய நம்மூர் அப்பாக்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேசவேண்டாம். முதல் சந்திப்புக்கு முன்னே கேட்டுவிடுவதால் அங்கே உடைப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஈரானில் 1997-ல் கல்யாணத்துக்கு முந்திய சோதனை கட்டாயமானபோது கலைப்புக்குச் சட்டத்தில் வழி கிடையாது. ஆபத்து தெரிந்த பிறகும் ஏறக்குறையப் பாதி இணைகள் மணந்துகொண்டார்கள். பிறகு மதத் தலைவர்களோடு பேசிப் பேசி, 2005-ல் குறிப்பிட்ட மாதம் வரை கலைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. மணமகனையும் மணமகளையும் பிரிப்பதைவிடச் சட்டத்தைத் திருத்துவது எளிதாக இருந்திருக்கிறது.

நிக்கோசியாவில் வாழ்ந்துகொண்டிருக்கும் நோயாளிகளை இந்தக் கதையில் பலர் ஓரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு திட்டத்தின் வெற்றி 'இந்த ஆண்டு பூஜ்யம்' என்று அறிவிக்கப்படும்போது, அந்தப் பூஜ்யத்தில் சேராமல் முன்பே பிறந்துவிட்டவர் அதை எப்படிக் கேட்பார் என்பது சங்கடமான கேள்வி. ஆனால் 1971-ல் போட்ட கணக்கின் மறுபாதியையும் தீவு நிறைவேற்றியது. புதியவர்கள் குறைந்ததால் இருந்தவர்களுக்கு ரத்தமும் மருந்தும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தன. பம்புக்குப் பதில் விழுங்கும் மாத்திரை வந்தது. 1986-ல் நோயாளிகளின் சங்கங்கள் சேர்ந்து தொடங்கிய உலகத் தலசீமியா கூட்டமைப்பின் தலைமையகம் இருப்பதும் நிக்கோசியாவில்தான். பதின்வயதில் போய்விடுவார்கள் என்று எழுதிவைக்கப்பட்ட பிள்ளைகள் இப்போது நாற்பதையும் ஐம்பதையும் தாண்டி, வழுக்கையும் மூட்டுவலியுமாக வெளிநோயாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களில் பலர் மணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள். அவர்களும் பாதிரியாரிடம் அதே காகிதத்தைக் கொண்டுபோனவர்கள்தான். அவர்கள் விஷயத்தில் தெரியவேண்டியிருந்தது எதிராளியின் ரத்தம் மட்டும். துணை சுமப்பவராக இல்லாவிட்டால் பிள்ளைக்கு நோய் வராது. ஆனால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தவறாமல் சுமப்பவர். கருச்சோதனையில் நல்ல செய்தி கேட்டுப் பெற்ற மற்றக் குடும்பங்களிலும் மூன்று பிள்ளைக்கு இரண்டு பிள்ளை என்ற கணக்கில் சுமப்பவரே. மலேரியா ஒழிந்து எழுபது ஆண்டுக்கு மேலாகியும் தீவில் ஏழில் ஒருவர் என்ற கணக்கு பெரிதாக நகரவில்லை. அடுத்த தலைமுறை கல்யாணத்துக்கு நாள் குறித்துக்கொண்டு, மையத்தின் வாசலில் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு எழுதாத அந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்கிறது.